கல்யாணம் ஆன பிறகு காதல் கதை உண்டா?

பெரம்பூர் வாசகி | ஜனவரி 9, இரவு 10.52

தமிழில் நிலைச்ச காதல் கதை எல்லாமே சேராத காதல்தான். 'இதயம்', 'காதல்', 'விண்ணைத்தாண்டி வருவாயா', '96'. வரிசையா எடுத்துக்கோங்க. சேர்ந்துட்டா அது குடும்பப் படம், அதுக்கும் மேல இழுத்தா சீரியல். தாலி கட்டின நிமிஷம் காதலுக்கு மங்களம் பாடிடறோம். மறுக்கிறவங்க பேரோட மறுங்க. 'அந்தக் காலத்துல' என்று மட்டும் ஆரம்பிக்காதீங்க.

கோட்டூர்புரம் | ஜனவரி 9, இரவு 11.35

அந்தக் காலத்துலதான் ஆரம்பிப்பேன், கணக்கு அங்கதான் இருக்கு. குறளில் காமத்துப்பால் 25 அதிகாரம், 109லிருந்து 133 வரை. களவியல் 7, கற்பியல் 18. கல்யாணத்துக்கு முன்னாடி 70 குறள், பின்னாடி 180. காதலைப் பத்தி எழுத உட்கார்ந்தவர் கைச்சரக்கில் முக்கால் பங்கைக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் செலவு பண்ணியிருக்கார்.

படம் கேட்டீங்கன்னா 'அந்த 7 நாட்கள்' (1981), 'மௌன ராகம்' (1986), 'அலைபாயுதே' (2000). மூணிலும் கல்யாணம் கதையோட முடிவு இல்லை, முதல்.

தரமணி | ஜனவரி 10, காலை 7.10

கணக்கு சரி, அதுல இருந்து எடுத்த முடிவு தப்பு. அந்தப் பதினெட்டில் 116 பிரிவாற்றாமை முதல் 127 அவர்வயின் விதும்பல் வரை பன்னிரண்டும் பிரிவு. கூட இருந்து சண்டை போடறது கடைசி மூணுதான்: புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. அப்போ மேடம் கட்சிதானே ஜெயிக்குது?

இன்னொண்ணு, களவியல் கற்பியல் பிரிப்பு உரையாசிரியர் பரிமேலழகர் வழியா நிலைச்சது. ஆண்பால், பெண்பால், இருபால் கூற்று என்று மூணாப் பிரிச்ச பழைய வழியும் இருந்தது. எல்லாத்தையும் வள்ளுவர் தலையில கட்டாதீங்க சார்.

கோட்டூர்புரம் | ஜனவரி 10, காலை 9.02

பரிமேலழகர் விஷயத்தில் தப்பு என்னுது. 'செலவு பண்ணியிருக்கார்' வாபஸ். பிரிவு பத்தி ராத்திரி.

கோட்டூர்புரம் | ஜனவரி 10, இரவு 10.20

சேராமலே பிரியறது வேற, சேர்ந்தவங்க பிரியறது வேற. பிரிவாற்றாமையின் முதல் குறள், 1151:

செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின்
வல்வரவு வாழ்வார்க் குரை.

நீ போகலைன்னா அதை என்கிட்ட சொல்லு. போயிட்டு வெரசா வந்துடுவேன்கிற கதையை, நீ வர்ற வரைக்கும் உயிரோட இருக்கப் போறவங்ககிட்ட சொல்லு. இதில் கைகூடாத ஏக்கம் எங்க இருக்கு? இங்க நடக்கிறது தவணைப் பேச்சு. அவன் ஒரு நாள் குறிக்கிறான், அவள் அந்த நாளை ஏத்துக்க மாட்டேங்கறா.

சங்க அகப்பாட்டில் முல்லைத் திணைக்கு உரிப்பொருளே, அதாவது அது பேசற உணர்வே, இருத்தல்; காத்திருத்தல். கார்காலத்துக்குள்ள வந்துடறேன் என்பதுதான் ஒப்பந்தம். குறுந்தொகை 66ல் மழை வந்தாச்சு, கொன்றை பூத்தாச்சு, ஆள் மட்டும் வரலை. தோழி என்ன சொல்றா? 'மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை.' இந்தக் கொன்றை மரங்களுக்கு அறிவே கிடையாது, வம்ப மாரியை, பருவம் தப்பின மழையை, கார்மழைன்னு நினைச்சுப் பூத்துடுச்சு. தவணை தாண்டிடுச்சுன்னு அவளுக்குத் தெரியாதா? பழியைத் தூக்கி மரத்து மேல போட்டுக் கடன்காரனைக் காப்பாத்தறா. மொத்தம் அஞ்சு வரி.

அதனால சேர்ந்த காதல், சேராத காதல் என்று பிரிக்கிறதே உதவாதுன்னு இப்போ தோணுது. கெடு உள்ள கதை, கெடு இல்லாத கதை. இப்படிப் பிரிச்சுப் பார்த்தா என்ன கிடைக்கும்னு பார்க்கணும்.

லஸ் முனை | ஜனவரி 10, இரவு 11.05

நம்ம ஊர்க் கொன்றை அதைவிட மக்கு. சித்திரை, வைகாசியிலேயே மஞ்சளாப் பூத்துக் கொட்டுது. மெட்ராஸுக்கு மழை ஐப்பசியில.

கோட்டூர்புரம் | ஜனவரி 12, மாலை 6.40

பிரிச்சுப் பார்த்தாச்சு.

'மௌன ராக'த்தில் கெடு ஒரு வருஷம். திவ்யா விவாகரத்து கேட்கிறா, வக்கீல் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகணும்கிறார். அந்த வருஷத்துக்குள்ளதான் மொத்தப் படமும். வில்லன் கிடையாது. பழைய காதலன் மனோகர் இறந்துட்டான், பெத்தவங்க மெட்ராஸில். குறுக்க நிற்க ஆளே இல்லாத ஒரு டில்லி வீட்டில் ரெண்டு பேர். 'அந்த 7 நாட்கள்' கெடுவைப் பேரிலேயே எழுதி ஒட்டிடுச்சு. '96'ல் ஒரே ராத்திரி, விடிஞ்சா ஜானு சிங்கப்பூர் கிளம்பணும்.

கெடு தெரிஞ்ச பிறகு ஒவ்வொரு காட்சியும் கழித்தல் கணக்கு ஆயிடும். பார்க்கிறவங்க மனசுக்குள்ள நாளை எண்ண ஆரம்பிச்சுடறாங்க. அதுக்கப்புறம் எழுத்தாளர் கத்த வேண்டியதில்லை. கெடு எவ்வளவு சின்னதோ சம்பவமும் அவ்வளவு சின்னதா இருக்கலாம். ஒரு வருஷத்தை நகர்த்த 'மௌன ராக'த்துக்குத் தொழிற்சங்கத் தகராறு, கத்திக்குத்து வரைக்கும் தேவைப்பட்டது. ஒரு ராத்திரியை நகர்த்த '96'க்கு வீட்டில் கரண்ட் போனா போதும். ராம் இருபது வருஷமா கேட்ட பாட்டை ஜானு இருட்டில் பாடிடறா.

கெடு இல்லாத காதல் படம் எங்க இடறும்னா, பெரும்பாலும் இடைவேளைக்கு அப்புறம். முதல் பாதியில் பார்த்தாச்சு, பிடிச்சாச்சு, சொல்லியாச்சு. மிச்ச ஒரு மணி நேரத்துக்கு என்ன பண்றது? தடையை அடுக்கு: அப்பா, மாமன், சாதி, நோய், லாரி. தடை எல்லாம் வெளியிலிருந்து வர்றதால அந்த ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் செய்ய ஒரு வேலையும் மிஞ்சாது, ஓடறதைத் தவிர.

வியாசர்பாடி | ஜனவரி 12, இரவு 9.15

சாதியையும் லாரியையும் ஒரே மூட்டையில கட்டாதீங்கண்ணே. சினிமாவுக்கு அது 'தடை'. வெளிய அது கொலை.

'காதல்' (2004) படத்தையே எடுத்துக்கோங்க. மதுரையிலிருந்து மெக்கானிக் பையனும் பெரிய வீட்டுப் பொண்ணும் சென்னைக்கு வந்து இறங்கினதும் படம் எதைப் பேசுது? இன்னிக்கு ராத்திரி எங்க படுக்கிறது? நண்பன் இருக்கிறது ஆம்பளைங்க மட்டும் தங்கற மேன்ஷன், பொண்ணை உள்ள கூட்டிட்டுப் போக முடியாது. வாடகை வீடுன்னா கல்யாணம் ஆகியிருக்கணும், முன்பணம் வேணும். திருவல்லிக்கேணி தெருவில் ரெண்டு பேர் பையோட நிற்கிறதை அவ்வளவு சரியா எடுத்த படம் கம்மி. கெடுவும் இருக்கு. பொண்ணு வீட்டு ஆளுங்க வந்து சேர்ற வரைக்கும். யாரும் அதை வாயால சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான்.

கோட்டூர்புரம் | ஜனவரி 12, இரவு 9.50

அந்த மூட்டையை அவிழ்த்துடறேன், தம்பி சொன்னது சரி. 'காத'லை கெடு உள்ள பக்கம் மாத்திக்கறேன். தொடர்ந்து தப்பு பண்ணினா நல்ல விஷயமா வருது போல.

பாரிமுனை | ஜனவரி 13, காலை 8.25

'மௌன ராக'த்தின் ஒரு வருஷம் கற்பனை இல்லை. இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 14. கல்யாணத் தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள்ள விவாகரத்து மனு எடுக்க மாட்டாங்க. ரொம்பக் கொடுமையான சூழ்நிலைன்னு காட்டினா மட்டும் நீதிமன்றம் விலக்கு தரலாம்.

1976 திருத்தத்துக்கு முன்னாடி அது மூணு வருஷம். ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியற 13பி பிரிவே அந்தத் திருத்தத்தில்தான் வந்தது. இதே கதையை 1970ல் எடுத்திருந்தா திவ்யா மூணு வருஷம் காத்திருந்து, அப்புறம் புருஷன் மேல ஒரு குத்தம் நிரூபிச்சாகணும். சந்திரகுமார் மேல என்ன குத்தம் சொல்றது? கொலுசு வாங்கிக் கொடுத்தார்னா?

இன்னொரு ருசியான விஷயம். 13பி-க்கு ஒரு வருஷம் தனித்தனியா வாழ்ந்திருக்கணும். தனித்தனின்னா வேற வேற வீடா? இல்லை, ஒரே கூரைக்குக் கீழ இருந்தும் கணவன் மனைவியா வாழாம இருக்கலாம்னு உச்ச நீதிமன்றம் சொன்னது 1991ல். படம் அதை அஞ்சு வருஷம் முன்னாடியே காட்டிடுச்சு.

லஸ் முனை | ஜனவரி 14, மதியம் 12.30

தை மாசம் பொறக்கப் போகுது, கல்யாணப் பத்திரிகை வர ஆரம்பிச்சிடும். பாதிப் பத்திரிகையில் மேல 'யாயும் ஞாயும் யாரா கியரோ'. உன் தாயும் என் தாயும் ஒருத்தருக்கொருத்தர் யாரோ. அதுக்குக் கீழயே ரெண்டு பக்கத் தாத்தா, பாட்டி, பெரியப்பா, தாய்மாமன், பட்டம், ஊர், வேலை எல்லாம் முழு ஜாபிதா. யாருன்னு நல்லாவே தெரிஞ்சிருக்கு!

தரமணி | ஜனவரி 14, மதியம் 1.10

குறுந்தொகை 40 களவுப் பாட்டு வேற. வீட்டுக்குத் தெரியாம சந்திச்சவங்க, இவன் விட்டுட்டுப் போயிடுவானோன்னு அவள் பயந்தப்போ அவன் சொல்றது. வீட்டுல பார்த்து ஜாதகம் சேர்த்த கல்யாணத்துக்கு அதை அச்சடிக்கிறது தமிழனுக்கே உரிய தைரியம்.

பெரம்பூர் வாசகி | ஜனவரி 15, காலை 10.05

பொங்கல் வேலைக்கு நடுவுல வந்தேன். பிரிவு, கெடு எல்லாம் சரி. பிரிவும் இல்லாம, சண்டையும் இல்லாம, கூட இருக்கிற காதலுக்கு ஒரே ஒரு உதாரணம் காட்டுங்க. முடியாது.

கோட்டூர்புரம் | ஜனவரி 15, இரவு 8.30

குறுந்தொகை 167, கூடலூர் கிழார், ஆறு வரி.

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅ துடீஇக்
குவளை உண்கண் குய்ப்புகை கழுமத்
தான்துழந் தட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே.

கட்டித் தயிரைக் கையால பிசைஞ்சிருக்கா. அந்த விரலைப் புடவையிலேயே துடைச்சு, அந்தப் புடவையை மாத்தாமலே நிற்கிறா. தாளிச்ச புகை கண்ணில் ஏறியிருக்கு. தானே துழாவிச் சமைச்ச புளிக்குழம்பு. அவன் 'நல்லா இருக்கு'ன்னு சாப்பிடறான். அவள் முகம் நுண்ணிதின் மகிழ்ந்தது.

'நுண்ணிதின்' என்ற ஒரே சொல்லில்தான் பாட்டு நிற்குது. சிரிச்சான்னு சொல்லலை, பூரிச்சான்னு சொல்லலை. பக்கத்தில் நின்னு பார்த்தாத்தான் தெரியற அளவு. அதைப் பார்த்தது யார்? செவிலித்தாய். மகள் குடித்தனம் எப்படி நடக்குதுன்னு நேர்ல பார்த்துட்டு வந்து பெத்தவகிட்ட சொல்றா. இதே சந்தோஷத்தை அவளே சொன்னா தற்பெருமை, அவன் சொன்னா முகஸ்துதி. மூணாம் ஆள் சொல்றதாலதான் நம்பறோம்.

குறுந்தொகை 25ல் கபிலர் இதைத் தலைகீழாப் போட்டிருக்கார். தலைவி சொல்றா: அவன் என்னை ஏத்துக்கிட்ட அன்னிக்கு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவன் இல்லைன்னுட்டா நான் என்ன செய்வேன்? அங்க ஒரு குருகு இருந்தது, தினைத்தாள் மாதிரி மெல்லிசான கால். ஆனா அதுவும் ஓடற தண்ணியில ஆரல் மீனைப் பார்த்துக்கிட்டு இருந்தது. சாட்சி இருந்தும் இல்லை.

ஆக கெடுவோட சாட்சியையும் சேர்த்துக்கணும். யார் பார்த்தாங்க, யார் சொல்றாங்க.

வியாசர்பாடி | ஜனவரி 15, இரவு 9.40

இதையெல்லாம் எங்கிருந்து ஆரம்பிக்கிறது? புத்தகக் காட்சியில குறுந்தொகை உரை ஒண்ணு பார்த்தேன், செங்கல் மாதிரி இருந்தது.

கோட்டூர்புரம் | ஜனவரி 15, இரவு 10.55

முதல் பாட்டுல இருந்து 401 வரை நேரா படிக்காதீங்க, இருபதுல நின்னுடுவீங்க. பாட்டெல்லாம் அநேகமா நாலுலருந்து எட்டு வரி, அதனால நாளுக்கு ரெண்டு போதும். மூலம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் காசில்லாம கிடைக்கும். உரைக்கு உ.வே.சா. 1937ல் போட்ட பதிப்பு.

பாட்டோட 'தலைவி தோழிக்கு உரைத்தது' மாதிரி ஒரு கூற்று வரி அச்சாகியிருக்கும். முதலில் அதைக் கையால மறைச்சுக்கோங்க. பாட்டைப் படிச்சுப் பேசறது யார், கேட்கிறது யார், காது கொடுக்கக் கூடாத ஆள் யாராவது பக்கத்தில் ஒளிஞ்சிருக்கானா என்று ஊகிங்க. அப்புறம் கையை எடுங்க. பத்துக்கு நாலு தப்பும், அதுவும் நல்லதுதான், அந்தக் கூற்று வரிகள் பின்னால வந்தவங்க எழுதினவை. அர்த்தம் புரியலைன்னா முதலில் வினைச்சொல்லைத் தேடுங்க, அது அநேகமாக் கடைசி ரெண்டு வரியில் உட்கார்ந்திருக்கும். மேலே இருக்கிற மரம், மீன், மழை எல்லாம் அதுமேல தொங்குது.

ஆளுங்க பேரையும் தேடாதீங்க. அகப்பாட்டில் காதலர் பேர் சொல்லக் கூடாது, 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்பது தொல்காப்பியம்.

பெரம்பூர் வாசகி | ஜனவரி 16, காலை 6.50

167 ஒப்புக்கறேன். ஆனா ஆறு வரி பிடிச்சதை ரெண்டரை மணி நேரம் பிடிக்க முடியுமா? 'விண்ணைத்தாண்டி வருவாயா'வில் அவங்க சேர்ந்திருந்தா இன்னிக்கு யார் பேசுவாங்க?

தரமணி | ஜனவரி 16, காலை 8.00

தெலுங்குக்காரங்க பேசறாங்க மேடம். 2010 பிப்ரவரி 26, ஒரே நாள், ஒரே இயக்குநர், ஒரே இசையமைப்பாளர், கிட்டத்தட்ட ஒரே திரைக்கதை. தமிழில் சேரலை, தெலுங்கு 'ஏ மாய சேசாவே'யில் சேர்ந்துட்டாங்க. ரெண்டும் ஓடுச்சு. இதைவிடச் சுத்தமான பரிசோதனை எங்க கிடைக்கும்? முடிவு மாறியும் படம் நிற்குதுன்னா, தாங்கறது வேற ஏதோ.

கோட்டூர்புரம் | ஜனவரி 16, இரவு 9.20

தாங்கறது ஜெஸ்ஸியோட ஊசலாட்டம்தான். இன்னிக்கு சரிங்கறா, நாளைக்கு வேணாங்கறா. அப்பா பேரைச் சொல்றா, ஆனா அப்பா பெரிசா எதுவும் செய்யறதில்லை. தடை அவளுக்குள்ளயே இருக்கு.

'இதயம்' (1991) இன்னும் ஒரு படி உள்ள. அவன் சொல்றதே இல்லை. ஒருதலைக் காதலுக்குக் கைக்கிளைன்னு பேர் வெச்சு, ரெண்டு பேரும் விரும்பற அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தினார் தொல்காப்பியர். அதுக்கு அவர் தர்ற அடையாளம் அருமை: 'சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்'. பதில் வராது, ஆனாலும் தானே சொல்லித் தானே மகிழறது. நம்ம காதல் தோல்வி 'சூப்' பாட்டு மொத்தத்துக்கும் இலக்கணம் நாலு சொல்லில் முடிஞ்சுபோச்சு. அதை விளிம்பில் வெச்ச மரபுல இருந்து வந்துட்டு நாம நடுவீட்டில் கொண்டுவந்து உட்கார வெச்சிருக்கோம்.

ஒரு நாள் கழிச்சு இதைத் திருத்துவேன்னு நினைக்கிறேன். 'இதயம்' முரளி சொல்லி இன்புறலை, சொல்லாமலே துன்புற்றார். அதுக்குத் தொல்காப்பியத்தில் பேர் இல்லை.

லஸ் முனை | ஜனவரி 19, மாலை 4.15

'காதல் கோட்டை' (1996) இன்னிக்கு எடுத்தா எவ்வளவு நேரம் ஓடும்? ரயில்ல தொலைஞ்ச சான்றிதழைக் கண்டெடுத்தவன் தபால்ல அனுப்பறான், கடிதம் வளருது, முகம் பார்க்காமலே காதல். இப்போ சான்றிதழ்லயே போன் நம்பரைத் தேடி வாட்ஸ்அப் பண்ணுவான். டிபி பார்த்தாச்சு. மூணு நிமிஷம்.

கோட்டூர்புரம் | ஜனவரி 19, மாலை 5.40

அதில் கெடு தபால்காரர். கடிதத்துக்கு நாள் பிடிக்கும், எழுதினவங்களால அதை அவசரப்படுத்த முடியாது. போன் வந்து தூரத்தை மட்டும் கொல்லலை, பதிலுக்குக் காத்திருக்கிற நாலு நாளையும் சேர்த்துக் கொன்னுடுச்சு. கடைசியில் அவள் பின்னின ஸ்வெட்டர்தான் அடையாளம் காட்டுது, அதுதான் அங்க சாட்சி.

பெரம்பூர் வாசகி | ஜனவரி 27, இரவு 9.30

ஒரு வாரமா காமத்துப்பால்தான் படிக்கிறேன், உங்களாலதான். புலவி நுணுக்கம் படிச்சு ரயில்ல சத்தமா சிரிச்சுட்டேன். 1317: தும்மினான், வாழ்த்தினா, உடனே 'யார் நினைச்சுத் தும்மினீங்க'ன்னு அழறா. 1318: சரி வேணாம்னு தும்மலை அடக்கினான். 'உங்க ஆளு நினைக்கிறதை என்கிட்ட மறைக்கிறீங்களா'ன்னு அதுக்கும் அழறா. 1320: பேசாம அவளையே பார்த்துக்கிட்டு இருந்தான். 'யாரோட ஒப்பிட்டுப் பார்க்கிறீங்க?'

அந்த ஆளு பாவம். எனக்குப் புரை ஏறினாலே 'யாரோ நினைக்கிறாங்க'ன்னு தலையில தட்டுவாங்க, அதோட சரி.

கோட்டூர்புரம் | ஜனவரி 27, இரவு 10.45

அந்த மூணையும் வெச்சுக்கிட்டு 'அலைபாயுதே'யின் ரெண்டாம் பாதியைப் பாருங்க. கட்டி முடிக்காத கட்டடத்தில் குடித்தனம். சண்டை எல்லாம் சில்லறைச் சண்டை. பெரிசாகறது எப்போ? சக்தியோட அக்கா கல்யாண விஷயத்துக்காகக் கார்த்திக் அலையறதை அவகிட்ட மறைக்கும்போது. தப்பான காரியம் இல்லை, நல்ல காரியம்தான். ஆனா அடக்கின தும்மல்.

ஊடலுக்கு அளவும் வள்ளுவர் சொல்லிட்டார், 1302: 'உப்பமைந் தற்றால் புலவி'. உப்பு அளவு. கொஞ்சம் நீண்டாலும் கரிக்கும். படத்தில் எனக்கு இருக்கிற ஒரே குறை, கரிச்சுப் போன குழம்பைச் சரிபண்ண விபத்தைக் கொண்டுவந்தது. பேசித் தீர்க்க வேண்டியதை ஆஸ்பத்திரி தீர்த்துடுது. 'மௌன ராக'த்திலும் கத்திக்குத்து அதே வேலையைத்தான் செய்யுது. கட்டிலில் படுத்த ஆள்கிட்ட யாரும் ஊட முடியாது.

தரமணி | பிப்ரவரி 2, காலை 7.45

கட்டிலில் படுத்த ஆள்னதும் புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' ஞாபகம் வந்தது. சென்னைக் கதை. பிரமநாயகம் பிள்ளைக்கு ஜவுளிக்கடை வேலை, சம்பளம் கைக்கும் வாய்க்கும். செல்லம்மாள் ஓயாத நோயாளி. கதை ஆரம்பிக்கும்போதே அவள் இறந்துட்டா, அப்புறம்தான் பின்னாடி போகுது. வேலை முடிஞ்சு வந்து வெந்நீர் வைக்கிறார், கஞ்சி வைக்கிறார். 'காதல்'னு யாரும் உச்சரிக்க மாட்டாங்க. மேடம் கேட்ட 'கூட இருக்கிற காதல்' இதுதான்னு நினைக்கிறேன். நாட்டுடைமை ஆனது, இணையத்தில் கிடைக்கும். மதியம் சாப்பிட்டதும் படிக்காதீங்க.

கோட்டூர்புரம் | பிப்ரவரி 2, இரவு 11.10

என் கணக்கு இங்க முழுசா உடையுது. கெடு தாண்டிப் போச்சு, சாட்சி யாரும் இல்லை, ஊடல் கிடையாது. ஆனாலும் நிற்குது. மூணு வாரமா கட்டினது ஒரு சிறுகதைக்கு முன்னாடி போச்சு.

பெரம்பூர் வாசகி | பிப்ரவரி 5, இரவு 10.00

படிச்சேன். 'சீரியல்' என்று முதல் பதிவில் எழுதினதை அழிக்கணும், இங்க எப்படி அழிக்கிறதுன்னு தெரியலை. '96'ஐ மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடைசி வரைக்கும் ஒரு தடவைகூடத் தொட்டுக்காம ஒரு காதல் படம்.

லஸ் முனை | பிப்ரவரி 5, இரவு 10.08

ஏர்போர்ட் போற வழியில கியர் மேல கை வருமே மேடம்.

பெரம்பூர் வாசகி | பிப்ரவரி 5, இரவு 10.31

திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஆமாம், வருது.